ஒன்றுமில்லாத இடத்தில் மோதித் திரும்பும் அலை

“கொரோனா அலை” என்று தமிழில் தட்டித் தேடினால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். முதல் அலை, இரண்டாம் அலை, முகக்கவசம், தடுப்பூசி. சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவில் ஓடும் அலையைப் பற்றித் தேடுகிறவன் நோய்த்தொற்றுச் செய்திகளுக்கு நடுவே நீந்தித்தான் போக வேண்டும். இதைச் சொல்லிச் சிரிக்க வைத்துத்தான் அன்றைக்கு அந்த இணையவழிப் பேச்சைத் தொடங்கினேன். பள்ளிப் பிள்ளைகள்தான் பெரும்பாலும். நன்றாகவே சிரித்தார்கள். அந்த உற்சாகத்தில் நடுவில் நானே தயாரித்த வீடியோ ஒன்றையும் காட்டினேன். சூரியனைப் படமெடுக்கும் நாசாவின் எஸ்.டி.ஓ. விண்கலம் எடுத்த படங்களை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அப்படி இறக்கி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, கோத்து ஓடவிட்டது. சாம்பல் நிறச் சூரியன், ஓரிடத்தில் ஒரு வெடிப்பு, அதிலிருந்து குளத்தில் கல் எறிந்த மாதிரி பரவும் வெள்ளை வளையம். வளையம் ஒரு கொரோனா துளையின் கரையை எட்டுகிறது, பிறகு பின்வாங்கி வருகிறது. “பாருங்கள், சுவரில் அடித்த பந்து மாதிரி துளையில் மோதித் திரும்புகிறது” என்றேன், பெருமையாக.

ஒரு மாணவி மைக்கைத் திறந்தாள். “சார், துளைன்னா அங்க ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்? ஒண்ணுமே இல்லாத இடத்துல மோதி எப்படி சார் திரும்பும்?”

“நல்ல கேள்வி” என்றேன். பதில் கைவசம் இல்லாதவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். அப்புறம் காந்தப்புலம் என்று ஏதோ சொல்லி, இரண்டு பெரிய வார்த்தை போட்டு, அடுத்த படத்துக்குத் தாவிவிட்டேன். அவள் “சரி சார்” என்றாள். அந்த “சரி சார்” பல நாள் காதில் இருந்தது. புரிந்தவர்கள் சொல்கிற சரி இல்லை அது. இவரிடம் இதற்கு மேல் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்துகொண்டவர்கள் சொல்கிற சரி.

பெயர் செய்த கோளாறு

அவள் கேள்வியில் பாதிக் குற்றம் பெயருடையது. புற ஊதாவிலோ எக்ஸ் கதிரிலோ படம் எடுத்தால் சூரியனில் கருப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரிகிற பகுதிகளுக்குத்தான் துளை என்று பெயர். 1950களில் மாக்ஸ் வால்ட்மையர் கொரோனாவில் ஒளி குறைந்த இடங்களைக் கண்டு அப்படி அழைத்தார். 1973இல் ஸ்கைலேப் நிலையத்திலிருந்து எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்கள் வந்த பிறகு பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அங்கே ஓட்டை எதுவும் இல்லை. சூரியனின் மற்ற இடங்களில் காந்தப்புலக் கோடுகள் வளைந்து திரும்பவும் சூரியனுக்குள்ளேயே இறங்குகின்றன. அந்த வளைவுகளுக்குள் சூடான பிளாஸ்மா (மின்னேற்றம் கொண்ட வாயு) அடைபட்டுக் கிடக்கிறது, அதனால் பளிச்சென்று தெரிகிறது. துளைப் பகுதியில் கோடுகள் திரும்பி வருவதில்லை, விண்வெளியை நோக்கித் திறந்துவிடுகின்றன. பிளாஸ்மா அங்கே தங்காமல் வேகமான சூரியக் காற்றாக நொடிக்கு 700, 800 கி.மீ. வேகத்தில் வெளியேறிவிடுகிறது. மிச்சம் இருப்பது அடர்த்தி குறைந்த, கொஞ்சம் குளிர்ந்த கொரோனா. பொருள் கம்மி, வெளிச்சம் கம்மி. காந்தப்புலம் மட்டும் அங்கேயும் விறைப்பாக நிற்கிறது.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயமே இருக்கிறது. கொரோனாவில் ஓடும் பெரிய அலைகள் பிளாஸ்மாவையும் காந்தப்புலத்தையும் சேர்த்து அமுக்கிக்கொண்டு போகிறவை. அவற்றின் வேகத்தைப் பெருமளவு தீர்மானிப்பது ஆல்ஃப்வென் வேகம். 1942இல் ஹானஸ் ஆல்ஃப்வென் சொன்னது: புலம் வலுவாக இருந்தால் வேகம் கூடும், அடர்த்தி கூடினால் அதன் வர்க்கமூலக் கணக்கில் வேகம் குறையும். நன்றாக இழுத்துக் கட்டிய கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். அதே இழுப்பில் கனமான கம்பியைவிட மெல்லிய கம்பியில் அதிர்வு விரைந்தோடும். புலம் அதே அளவில் இருந்து அடர்த்தி மட்டும் நான்கில் ஒன்றாகக் குறைந்தால், அலையின் வேகம் இரண்டு மடங்கு. ஆக, துளை என்பது அலை விழுந்து காணாமல் போகிற பள்ளம் கிடையாது. அலை இன்னும் வேகமாக ஓடக்கூடிய இடம். இதை நான் படித்திருந்தேன், எழுதியும் இருந்தேன். அந்தப் பெண் கேட்டபோது மட்டும் வாயில் வரவில்லை.

கழித்தலில் பிறந்த திரும்பல்

பதில் எழுதி அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். அனுப்புவதற்கு முன் அந்த வீடியோவை, படத்தைப் பதப்படுத்துவதையே தொழிலாகக் கொண்ட நண்பன் ஒருவனுக்குக் காட்டினேன். ஒருமுறை பார்த்துவிட்டு அவன் கேட்டது: “இது சூரியன் பண்ற வேலையா, உன் கழித்தல் பண்ற வேலையாடா?”

கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த அலைகள் மிக மங்கல். நேரடிப் படத்தில் கண்ணுக்குச் சிக்காது. அதனால் ஒவ்வொரு படத்திலிருந்தும் அதற்கு முந்தைய படத்தைக் கழிக்கிறோம். வெளிச்சம் கூடிய இடம் வெள்ளை, குறைந்த இடம் கருப்பு, மாறாத இடம் சாம்பல். நகரும் பொருள் பளிச்சென்று எழுந்து நிற்கும். இதில் ஒரு தொல்லை உண்டு. வெள்ளை என்றால் அங்கே வெளிச்சம் இருக்கிறது என்று கண் நம்பிவிடுகிறது. உண்மையில் வெள்ளை சொல்வது “இப்போது கூடிக்கொண்டிருக்கிறது” என்பதை மட்டும்தான். ஓர் இடம் பிரகாசமாகி அப்படியே ஆடாமல் நின்றால், அடுத்த படத்தில் அது சாம்பலில் கரைந்து காணாமல் போகும். பரவலாகப் பிரகாசமான பகுதி ஒன்று ஒரு ஓரத்திலிருந்து மெல்ல மங்கத் தொடங்கினால், கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள எல்லை நடந்து போகும். எதுவும் நடக்கவில்லை, எல்லை மட்டும் நடக்கிறது.

மாற்று வழி, எல்லாப் படங்களிலிருந்தும் வெடிப்புக்கு முந்தைய ஒரே படத்தைக் கழிப்பது. நான் சோம்பல்பட்டு அதைச் செய்யவில்லை. செய்து பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். சூரியன் சுழல்கிறது. வட்டின் நடுவில் ஒரு மணி நேரத்தில் எஸ்.டி.ஓ.வில் உள்ள ஏ.ஐ.ஏ. படக்கருவியின் படத்தில் சுமார் 15 பிக்சல் நகர்ந்துவிடும். அதைத் திருப்பி வைக்காமல் கழித்தால் ஒவ்வொரு பிரகாசமான வளைவுக்கும் ஒரு பக்கம் வெள்ளை, மறு பக்கம் கருப்பு என்று அலங்கோலமாக இருக்கும். போதாததற்கு, வெடிப்பு பிரகாசமாகும்போது ஏ.ஐ.ஏ. தானாகவே இடையிடையே ஒளிபடும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளும். அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் வீடியோ கெட்டுப்போன டியூப்லைட் மாதிரி துடிக்கும். ஒவ்வொரு படத்தையும் அதன் ஒளிபடும் நேரத்தால் வகுக்க வேண்டும். இரண்டையும் சரிசெய்ய ஒரு ராத்திரி ஆயிற்று.

ஓடவிட்டுப் பார்த்தேன். அலை போனது. துளையின் கரையை எட்டியது. நின்றது. கரையை ஒட்டியே மெல்லிய பிரகாசமான கோடு ஒன்று வளைந்து நெடுநேரம் அப்படியே நின்றது. அதற்குப் பின்னால் இருந்த அகலமான வெளிச்சப் பகுதி கரைப் பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி மங்கியது. நான் பந்து என்று காட்டியது அந்த மங்கலின் எல்லையைத்தான். திரும்பி வந்தது எதுவும் இல்லை. திரும்ப ஓடவிட்டேன், வேகத்தைக் குறைத்து ஓடவிட்டேன், நிறத்தை மாற்றி ஓடவிட்டேன். ஒன்றும் மாறவில்லை. அதைவிட உறுத்தியது அந்தக் கோடு. படத்திலேயே முக்கியமான சங்கதி அதுதான், என் பழைய வீடியோவில் அது துளிகூட இல்லை. ஆடாமல் நின்றதால் கழித்தல் அதைத் துடைத்து எடுத்துவிட்டிருந்தது. இல்லாததைக் காட்டி, இருந்ததை மறைத்து, அதற்கு மேல் ஒரு பந்து உவமையும் சொல்லியிருக்கிறேன்.

விடியப்போகும் நேரத்தில் இன்னொன்றையும் செய்தேன். வெடிப்பின் மையத்திலிருந்து துளையைத் தொட்டுப் போகும்படி ஒரு நீளமான பட்டையை வெட்டி, ஒவ்வொரு படத்திலும் அந்தப் பட்டையை மட்டும் எடுத்து, நேர வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினேன். இதில் நகரும் அலை சாய்ந்த கோடாகத் தெரியும், சாய்வுதான் வேகம். நின்ற அலை படுக்கைக் கோடு. பட்டையின் திசையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பல அடுக்குகள் செய்தேன். ஒரே ஒரு திசையில், நான் பேச்சில் காட்டிய இடத்திலிருந்து வெகுவாக விலகி, மிக மங்கலாக ஒரு கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. போன வேகத்தைவிடத் திரும்பிய வேகம் குறைவு. ஆக, எதிரொலிப்பு இருந்தது, நான் கைகாட்டிய இடத்தில் இல்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தவறான காரணத்துக்காகச் சரியான விடை எழுதிய மாணவனுக்கு மதிப்பெண் போடுவதா வேண்டாமா?

இதே வழக்கு, பெரிய அளவில்

என் அசட்டுத்தனம் தனியானது இல்லை என்று கண்டபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. 2007 மே 19 அன்று சிறிய வெடிப்பு ஒன்று நடந்தது. அப்போது சூரியனைப் பார்க்கும் நாசாவின் இரட்டை ஸ்டீரியோ விண்கலங்கள் புதுசு, 171 ஆங்ஸ்ட்ரம் என்ற புற ஊதா அலைநீளத்தில் இரண்டரை நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தன. அதை வைத்து நாட் கோபால்சாமியும் (தடுக்காமல் உச்சரிக்க முடிகிற பெயர் ஒன்று இந்தத் துறையில் கிடைப்பதே ஒரு சந்தோஷம்) கூட்டாளிகளும் 2009இல், அலை கொரோனா துளையில் பட்டு எதிரொலித்தது என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டே ஜெம்மா அட்ரில் அதே நிகழ்வை எடுத்து, ஆரம்பப் படத்தைக் கழித்துப் பார்த்து, அந்த எதிரொலிப்பு முந்தைய படத்தைக் கழிக்கும் முறை உண்டாக்கிய மாயத்தோற்றம் என்று வாதிட்டார். என் நண்பன் கேட்ட அதே கேள்வி.

அவர்கள் சண்டையில் பணயம் வெறும் எதிரொலிப்பு மட்டும் இல்லை. இது அலைதானா என்பதே கேள்வியாக இருந்தது. 1960இல் மோர்ட்டன் சூரியனின் கீழ் அடுக்கான நிறமண்டலத்தில் நொடிக்கு 1,000 கி.மீ. அளவில் பாயும் அலைகளைக் கண்டார். 1968இல் உச்சிடா, அது மேலே கொரோனாவில் ஓடும் அலையின் கீழ்விளிம்பு நிறமண்டலத்தைத் தொட்டுப் போகும் தடம் என்று விளக்கினார். அந்த மேல் அலையைப் பார்க்க சோஹோ விண்கலத்தின் ஈ.ஐ.டி. என்ற புற ஊதாப் படக்கருவி வர வேண்டியிருந்தது. 1997 மே 12இல் நடந்த நிகழ்வை பார்பரா தாம்சனும் மற்றவர்களும் விவரித்தார்கள். ஆனால் வேகம் இடித்தது: ஈ.ஐ.டி. அலைகள் பெரும்பாலும் நொடிக்கு 200 முதல் 400 கி.மீ.தான். கருவியோ கால் மணி நேரத்துக்கு ஒரு படம்தான் எடுத்தது. 300 கி.மீ. வேகத்தில் போகிற ஒன்று அந்த இடைவெளியில் 2,70,000 கி.மீ. தாண்டிவிடும், அதாவது சூரியனின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். நடுவில் என்ன நடந்தது என்று யார் கண்டது? அதோடு சில அலைகள் துளைக் கரைகளில் போய் நின்றுவிட்டன. அலை நிற்குமா? நிற்காது என்றார் டெலானே. இது வெளியேறும் பிளாஸ்மாக் குமிழ் காந்தக் கோடுகளை விரித்துக்கொண்டு போவதன் அடையாளம், போலி அலை என்பது அந்தப் பக்கத்து வாதம். பெங்ஃபெய் சென் 2002இல் முன்னால் ஓடும் வேகமான அலை ஒன்று, பின்னால் கோடுகள் விரிவதால் வரும் மெதுவான முகப்பு ஒன்று என்று இரண்டுமே உண்டு என்றார். எனக்கு இன்றைக்கும் அதுதான் நடுநிலையாகப் படுகிறது, இரண்டு பக்கத்துக்கும் முழுசாகப் பிடிக்காது என்றாலும்.

2010இல் எஸ்.டி.ஓ. போனது. 12 நொடிக்கு ஒரு படம். 2011 பிப்ரவரி 15 அன்று எக்ஸ்2.2 வகை வெடிப்பு (எக்ஸ் என்பதுதான் மிக வலுவான வகை). அந்த அலை துளையில் எதிரொலித்ததையும் துளையைக் கடந்து மறுபக்கம் வந்ததையும் ஓல்மெடோ குழு 2012இல் எழுதியது. கட்டுரைத் தலைப்பிலேயே எதிரொலிப்பு, கடத்தல் இரண்டு சொல்லையும் மேற்கோள் குறிக்குள் போட்டு, “இரண்டாம் நிலை அலைகள் மற்றும்/அல்லது” என்று வேறு சேர்த்திருப்பார்கள். அட்ரிலிடம் அடி வாங்கிய துறை எவ்வளவு ஜாக்கிரதையாக நடந்தது என்பதற்கு அந்த மேற்கோள் குறிகளே போதும். 2017 செப்டம்பர் 10 அன்று எக்ஸ்8.2 வெடிப்பின் அலை சூரியனின் தெரியும் பக்கம் முழுவதையும் சுற்றி வந்தது. இரண்டு துருவத் துளைகளுக்குள்ளும் புகுந்தது. உள்ளே அதன் வேகம் நொடிக்கு 2,000 கி.மீ.க்கும் மேல். பள்ளத்தில் விழுந்தது வேகமெடுக்காது.

நின்றுபோன கோட்டுக்கு என்ன கணக்கு? அதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இசபெல் பியான்ட்ஷிட்சும் உடன் பணிபுரிந்தவர்களும் 2017இல் ஒரு கணினி மாதிரியை வெளியிட்டார்கள். அடர்த்தி குறைந்த ஒரு பட்டை, அதை நோக்கி ஓர் அலை, அவ்வளவுதான். அலை மோதியதும் ஒரு பகுதி திரும்புகிறது, ஒரு பகுதி உள்ளே போகிறது, துளையின் கரையையே அலை கொஞ்சம் தள்ளி நகர்த்துகிறது. கரையில் நகராத பிரகாசமான முகப்பு ஒன்று உருவாகி அப்படியே நிற்கிறது. அலை இல்லை என்று வாதிட்டவர்களின் முக்கியச் சாட்சி, அலையாலேயே உண்டாகக்கூடியது என்று ஆகிவிட்டது. எதிர்த்தரப்புச் சாட்சி கூண்டில் ஏறி இந்தப் பக்கத்துக்குப் பேசிய மாதிரி. மாதிரி எளிமையானதுதான், உண்மைத் துளை அப்படிச் சமமான பட்டையாக இருக்காது. ஆனாலும் என் படத்தில் அந்தக் கோடு நின்ற விதத்தைப் பார்த்தவனுக்கு அதைப் படிக்கும்போது முதுகு நிமிர்ந்தது.

குழலின் துளை

இன்னும் அந்த மாணவிக்குப் பதில் சொல்லவில்லை. ஒன்றுமில்லாத இடம் எப்படித் திருப்பி அனுப்பும்? கடைசியில் சொல்லே உதவிக்கு வந்தது. துளை என்றால் நமக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும், புல்லாங்குழல். குழலுக்குள் ஓடும் ஒலி, திறந்திருக்கும் முதல் துளையை எட்டியதும் பெரும்பகுதி அங்கிருந்தே திரும்புகிறது. விரலை எடுத்தால் சுருதி ஏறுவது அதனால்தான். ஒலி திரும்பும் தூரம் குறுகிவிடுகிறது. தடுக்க அங்கே எதுவும் கிடையாது, வெறும் திறப்பு. ஆனால் அதுவரை குழலின் சுவர்களுக்குள் அழுந்திக்கொண்டு வந்த காற்றுக்குத் திடீரென்று தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாமல் போகிறது. அந்த மாற்றமே திருப்பி அனுப்பப் போதும். அழுத்தமாகப் போனது தளர்வாகத் திரும்புகிறது. பியான்ட்ஷிட்சின் மாதிரியிலும் அலை வந்த திசைக்கு எதிராக ஓர் அடர்த்திக் குறைவு நகர்ந்து போகிறது. குழல் உவமை முழுக்கப் பொருந்தாது: அங்கே உள்ளும் வெளியும் ஒரே காற்று, இங்கே ஊடகமே மாறுகிறது. இருந்தாலும் பந்தைவிட எவ்வளவோ தேவலை.

கோணமும் முக்கியம். நீருக்கடியிலிருந்து சாய்வாக மேலே பார்த்தால் நீர்ப்பரப்பு கண்ணாடியாகி அடித்தரையைத்தான் காட்டும். நீரைவிடக் காற்றில் ஒளி வேகமாகப் போவதால் வருவது அது. துளையும் அலைக்கு அப்படித்தான். உள்ளே வேகம் இரண்டு மடங்கு என்றால், கரைக்குச் செங்குத்தான திசையிலிருந்து 30 பாகைக்கு மேல் சாய்ந்து வரும் அலை உள்ளே நுழையவே முடியாது, முழுசாகத் திரும்பியாக வேண்டும். என் அடுக்குகளில் ஒரு திசையில் மட்டும் எதிர்க்கோடு தெரிந்ததற்கு இதுதான் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். கரை அந்த இடத்தில் வளைந்து சாய்வாகப் போகிறது.

எல்லாவற்றையும் எழுதி, பழைய வீடியோ தவறு என்ற விவரத்தையும் முதல் வரியிலேயே போட்டு, இரண்டு வீடியோக்களையும் சேர்த்து அனுப்பினேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. நன்றி, இரண்டாவது வீடியோவில் கோடு நன்றாகத் தெரிகிறது, அப்புறம் ஒரு கேள்வி: “துளைக்குள்ள போனது எல்லாம் மறுபக்கம் வந்துடுமா சார், இல்ல உள்ளேயே கொஞ்சம் மாட்டிக்குமா?” மாதிரிக் கணக்கில் ஒரு பகுதி மறுகரை வழியே வெளியேறுகிறது, மீதி அந்தக் கரையில் உள்பக்கமாகவே பட்டுத் துளைக்குள் திரும்புகிறது. என் படத்தில் துளை இருட்டு, கழித்தால் இரைச்சல்தான் மிஞ்சுகிறது. எட்டு எட்டுப் படமாகக் கூட்டிச் சராசரி எடுத்தால் ஏதாவது தேறுமா என்று ஓடவிட்டிருக்கிறேன். இதை எழுதும்போது பாதிதான் முடிந்திருக்கிறது. அவளுக்கு இன்னும் பதில் போடவில்லை.